சீனி வருத்தம்: மலையும் வாவிக்கரையும் அறிந்துகொள்ள வேண்டியவை



நீரிழிவு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். மட்டக்களப்புப் பக்கம் போனால் சலரோகம், சீனி வருத்தம் என்பார்கள். நம்ம தோட்டங்களில் சீனி வியாதி, சர்க்கரை வியாதி என்கிறோம். சித்த வைத்தியரிடம் கேட்டால் மதுமேகம் என்பார். பெயர் எத்தனை இருந்தாலும் வருத்தம் ஒன்றுதான். அது எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதை இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எழுதும்போது மட்டக்களப்பு வாவியை ஏன் இழுக்கிறோம் என்று கேட்கலாம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று போய்க் குடியேறியவர்கள் நம்மவர்கள். அக்கா நுவரெலியாவில், தங்கச்சி வாவிக்கரையில் என்று இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒருவர் குளிரில் மலை ஏறுகிறார், மற்றவர் வெயிலில் வயலிலும் தோணியிலும் வேலை செய்கிறார். சாப்பாடு வேறு, தொழில் வேறு. அப்படியும் இரண்டு பேருக்கும் இதே வருத்தம் வருகிறது. இரண்டு இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் காரணம் நன்றாக விளங்கும்.

இது பணக்காரர் வியாதியா?

"உழைக்கிற உடம்புக்கு சீனி வராது, அது உட்கார்ந்து சாப்பிடுறவங்க வியாதி" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தக் காலம் போய்விட்டது. 2005 - 2006 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், 20 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் ஏறக்குறைய 10 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அன்றைக்குத்தான் தங்களுக்கு வருத்தம் இருப்பதையே அறிந்தார்கள். 2018 - 2019இல் நடந்த இன்னொரு ஆய்வு, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் என்று சொன்னது. அதாவது பிரட்டுக்களத்தில் நிற்கிற ஐந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மலையில் எடுத்த கொழுந்து லொறியில் ஏறி ஸ்டோருக்குப் போகிறது. ஸ்டோர்க் கதவு திறந்தால் கொழுந்து உள்ளே போய்த் தேயிலை ஆகிறது. கதவைத் திறக்க ஆள் இல்லை என்றால் என்ன ஆகும்? லொறிகள் வரிசையாக ரோட்டில் நிற்கும். கொழுந்து சூடேறிப் பழுதாகும். உள்ளே மெசினுக்கு வேலை இருக்காது. வெளியே கொழுந்து மலை போல் குவிந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நம் உடம்பும் அப்படித்தான். ரொட்டி, சோறு, பாண், கிழங்கு எதைச் சாப்பிட்டாலும் அது குளுக்கோஸ் என்னும் சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. இரத்தம்தான் ரோடு. உடம்பின் தசைகளும் மற்ற உறுப்புகளும்தான் ஸ்டோர். கதவைத் திறக்கிற ஆள் இன்சுலின். இது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பில் சுரக்கிறது. இன்சுலின் இல்லாமல் போனாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ சீனி இரத்தத்திலேயே தங்கிவிடும். உடம்புக்குள் பட்டினி, இரத்தத்தில் சீனி வெள்ளம். நீரிழிவுக்காரருக்கு நிறையச் சாப்பிட்டும் களைப்பு வருவது இதனால்தான்.

அளவு கூடிய சீனியைச் சிறுநீரகம் சிறுநீரோடு வெளியே தள்ளுகிறது. சீனி போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அடிக்கடி சிறுநீர் போகும், இரவிலும் எழும்ப வேண்டி வரும். தண்ணீர் போனதால் தாகம் எடுக்கும். அதோடு உடம்பு மெலிதல், அசதி, கண் மங்கல், ஆறாத புண், மறைவிடத்தில் அரிப்பு ஆகியவையும் வரலாம்.

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சீனி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அது பொய்யல்ல. ஆனால் எறும்பு வரும்வரை காத்திருப்பது பெரிய தவறு. இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டிய பிறகுதான் அது சிறுநீரில் இறங்கும். அதற்கு முன்பே பல வருடம் வருத்தம் உள்ளே இருந்து கண்ணையும் காலையும் அரித்துவிடலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

மூன்று வகை

முதல் வகையில் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வரும். சீனி சாப்பிட்டதால் வருவது அல்ல, தாய் தகப்பன் செய்த பிழையும் அல்ல. இவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது.

இரண்டாம் வகைதான் நம்மில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவது. இன்சுலின் இருக்கும், ஆனால் கதவின் கீல் துருப்பிடித்தது போல உடம்பு அதற்குக் கீழ்ப்படியாது. கணையம் மேலும் மேலும் சுரந்து கடைசியில் களைத்துப்போகும்.

மூன்றாவது, கர்ப்ப காலத்தில் வருவது. பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பிறகு அந்தத் தாய்க்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூட.

ஏன் வருகிறது?

முதல் காரணம் பரம்பரை. தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களுக்கு இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அதை மாற்ற முடியாது. ஆனால் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. ஆள் பார்க்க மெலிந்திருப்பார், கை கால் குச்சி போல இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். தெற்காசிய மக்களின் உடம்புவாகு அப்படி. ஆகவே "நான் ஒல்லி, எனக்கு வராது" என்று இருக்க வேண்டாம்.

மூன்றாவது, நம் தோட்டங்களோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பிறக்கும்போது நிறை குறைந்த பிள்ளைகள் மற்ற இடங்களை விடத் தோட்டப்பகுதியில் கூட என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். தாயின் வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளையின் உடம்பு, கிடைப்பதை மிச்சம் பிடித்து வைக்கப் பழகிவிடுகிறது. கணையமும் பலம் குறைந்ததாக வளரலாம். பிறகு அந்தப் பிள்ளை வளர்ந்து கொழும்பில் கடையில் வேலை செய்து, கொத்துரொட்டியும் சோடாவும் சாப்பிட ஆரம்பித்தால் உடம்பால் தாங்க முடியாது. இங்கிலாந்தில் டேவிட் பாக்கர் என்ற வைத்திய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் இந்தத் தொடர்பை எடுத்துச் சொன்னார்கள். கர்ப்பிணித் தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுப்பது அடுத்த தலைமுறையின் சீனி வருத்தத்தையும் தடுக்கிற வேலை என்பது இதன் பொருள். கர்ப்பிணிக்குக் கிடைக்கும் திரிபோஷாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுவதை நிறுத்துங்கள்.

நான்காவது, உழைப்பு குறைவது. கொழுந்து எடுக்கிற காலத்தில் உடம்பு அசைகிறது. பென்சன் எடுத்த பிறகு லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறோம், சாப்பாட்டின் அளவு மட்டும் குறைவதில்லை. வாவிக்கரையிலும் இதே கதைதான். துடுப்புப் போட்ட தோணிக்கு இயந்திரம் வந்தது, நடந்த வழிக்கு மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் வந்தன, வயலில் கை செய்த வேலையை மெசின் செய்கிறது. வசதி நல்லதுதான். ஆனால் அசைவு குறைந்தால் சாப்பாடும் மாற வேண்டும்.

நம்ம கோப்பையில் எவ்வளவு சீனி?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி சீனி 4 முதல் 5 கிராம். விடியக் காலையில் ஒரு தேத்தண்ணி, மலைக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு, பகலுக்கு, வேலை விட்டு வந்து, இரவில் ஒன்று என்று ஆறு கோப்பை. கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 12 கரண்டி, அதாவது 50 முதல் 60 கிராம். மாதத்துக்கு ஒரு ஆளுக்கு மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பிஸ்கட், இனிப்பு, சோடாவில் உள்ளதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற நாம், அந்தத் தேயிலையின் ருசியைச் சீனியில் மறைத்துக் குடிக்கிறோம். ஒரேயடியாக நிறுத்தக் கஷ்டமாக இருந்தால், வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

கோதுமை மா ரொட்டி இல்லாமல் தோட்டத்துக் காலை இல்லை. அதை விட வேண்டாம், அளவைப் பாருங்கள். மூன்று ரொட்டியும் சம்பலும் என்பதை இரண்டு ரொட்டி, ஒரு கரண்டி பருப்பு, ஒரு பிடி கீரை என்று மாற்றினால் வயிறும் நிறையும், சீனியும் மெதுவாக ஏறும். மட்டக்களப்பில் மூன்று நேரமும் சோறு, பிட்டு, இடியப்பம் என்று போவதால் அங்குள்ள உறவுகளும் இதையே செய்ய வேண்டும். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு. வாவி மீன் கிடைக்கிறவர்களுக்கு இது லேசு. நமக்கு மலையில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, பயறு, கடலை இருக்கின்றன. கரையிலிருந்து மலைக்கு வரும் கருவாட்டில் உப்பு அதிகம். பிரஷரும் சேர்ந்திருப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்:

"குரக்கன் எவ்வளவும் சாப்பிடலாம்." இல்லை. குரக்கனில் நார் அதிகம், நல்லதுதான். ஆனால் அதுவும் மாச்சத்து. அளவோடுதான்.

"வெள்ளைச் சீனிதான் கூடாது, தேனும் கருப்பட்டியும் கித்துள் பாணியும் பரவாயில்லை." எல்லாம் இரத்தத்தில் சீனிதான். எருமைத் தயிர் ருசியானது, அதன் மேல் ஊற்றுகிற பாணிதான் சிக்கல்.

"பாவக்காய்ச் சாறு குடித்தால் குளிசை தேவையில்லை." பாவக்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், நல்லது. கோத்தல ஹிம்புட்டு, ஆவாரை போன்ற நாட்டு மருந்துகளைப் பாவிப்பவர்கள் அதைக் கிளினிக் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பரிசோதனையும் இலக்கங்களும்

இரவு சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு இருந்து காலையில் இரத்தம் சோதிப்பார்கள். கொப்பியில் எழுதும் இலக்கத்தை நீங்களே வாசிக்கப் பழகுங்கள்.

100க்குக் கீழே: சாதாரணம்.
100 முதல் 125 வரை: எச்சரிக்கை. இன்னும் வருத்தம் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. சாப்பாட்டாலும் நடையாலும் திருப்பி அனுப்ப முடிகிற கட்டம் இதுதான்.
126ம் அதற்கு மேலும்: நீரிழிவு. அறிகுறி இல்லாவிட்டால் இன்னொரு தடவை சோதித்து உறுதி செய்வார்கள்.

எச்.பி.ஏ.1.சி என்று இன்னொரு சோதனை உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சீனி சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டும். 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றுகிறவர்கள் இந்தச் சோதனையிடம் மாட்டிக்கொள்வார்கள்!

35 வயது தாண்டிய எல்லாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளோடு சேர்த்து ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடத்தப்படுகின்றன. அங்கே நிறை, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். உங்களுக்குக் கிட்டிய நிலையம் எங்கே, எந்த நாளில் என்று தோட்ட வைத்திய உதவியாளரிடமோ மருத்துவிச்சி அம்மாவிடமோ கேளுங்கள். கர்ப்பிணிகள் முதல் கிளினிக்கிலும், பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் சோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் சீனி இருந்தவர்கள் பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் ஒருமுறையும், பிறகு தவறாமலும் பார்க்க வேண்டும்.

குளிசையும் ஊசியும்

மெட்ஃபோர்மின்தான் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் குளிசை. ஜீன் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1957இல் மனிதருக்குக் கொடுத்துப் பலன் கண்டது. இதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வயிறு பிரட்டலாம், பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். அதற்காக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டோல்பியூட்டமைட் போன்றவை வேறு வகை. இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இந்தக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. இதைத் தடித்த எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் குளிசையைப் போட்டு, ஒரு சாயத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மலை ஏறினால், பத்து மணியளவில் சரிவில் நிற்கும்போது சீனி சடாரென்று இறங்கும். வியர்வை கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். ஆம்பிளை ஆளாக இருந்தால் "குடிச்சிட்டு வந்திருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். அது உயிரைக் கொண்டு போகும் பிழை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இது வரும்.

உடனே செய்ய வேண்டியது: மூன்று கரண்டி சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குளிசை, ஊசி எடுப்பவர்கள் மடியில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் சீனியோ நாலு டொபியோ வைத்திருங்கள். கூட வேலை செய்கிறவர்களிடமும் கங்காணியிடமும் "எனக்கு இந்த வருத்தம் இருக்கு" என்று சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெறும் வயிற்றில் சாராயம் குடிப்பதும் சீனியை ஆபத்தாக இறக்கும்.

ஊசி என்றதும் "இனி முடிஞ்சுது" என்று பயப்படுகிறோம். நடந்த கதை அதற்கு நேர்மாறானது. 1921க்கு முன்பு முதல் வகை வந்த பிள்ளைகளுக்குச் சாவைத் தவிர வழி இருக்கவில்லை. பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் மக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். கொலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்தினார். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதலில் ஏற்றினார்கள். சாகக் கிடந்த பையன் பிழைத்து மேலும் 13 வருடம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பாண்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் திகதிதான் இன்று உலக நீரிழிவு தினம். ஊசி கடைசிக் கட்டம் அல்ல, கணையத்துக்குக் கொடுக்கும் ஒத்தாசை.

இன்சுலினைப் பனிக்கட்டி ஆக விடக்கூடாது, சூட்டிலும் வைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவுப் பக்கத் தட்டு போதும். பெட்டி இல்லாத வீட்டில், அதிலும் மட்டக்களப்பு வெயிலில், மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மருந்தை நனையாமல் வைத்து, நிழலில் மூடி வைக்கலாம். லயத்தில் அடுப்புக்கு மேலே, தகரத்துக்குக் கீழே வைக்க வேண்டாம். திறந்த மருந்தை ஏறக்குறைய நாலு வாரத்துக்கு மேல் பாவிக்க வேண்டாம்.

கால்தான் முதலில் போகும்

பல வருடம் சீனி கூடினால் கால் நரம்பு மரத்துப்போகும், இரத்த ஓட்டமும் குறையும். குத்தினால் வலிக்காது. வலிக்காததால் பார்க்க மாட்டோம். பார்க்காததால் புண் ஆழமாகும். கடைசியில் விரலில் தொடங்கிக் காலையே எடுக்க வேண்டி வரும். கொழுந்து எடுக்கிறவருக்கும் மீன் பிடிக்கிறவருக்கும் கால்தான் சம்பளம். அந்தக் காலைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

மலையில்: அட்டை கடித்த இடத்தைச் சொறிய வேண்டாம். அட்டைக்கு உப்புப் போட்டு விழுத்தி, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். மழை நாளில் ஈரக் காலோடு இருக்காமல் விரல் இடுக்கைத் துடையுங்கள். குளிருக்கு அடுப்பண்டை காலை நீட்டிக் காய வைக்காதீர்கள், சுடு தண்ணிப் போத்தலும் வைக்காதீர்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

வாவிக்கரையில்: சிப்பி, நண்டு, துருப்பிடித்த கம்பி, மத்தியான மணல் நான்கும் காலுக்கு எதிரி. செருப்பில்லாமல் இறங்க வேண்டாம்.

கோவில் காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும். மட்டக்களப்புக்குத் தெற்கே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பு பெயர்போனது. நம்ம தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் தீ மிதிக்கிறோம். வாவிக்கரையிலிருந்து உகந்தை, குமனை, யால காடு வழியாகக் கதிர்காமத்துக்கு நாட்கணக்காக நடந்து போகிறவர்கள் உண்டு. நேர்த்தியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் சீனி வருத்தம் உள்ளவர் இப்படி ஒரு நேர்த்தி வைக்குமுன் டாக்டரிடம் காலைக் காட்டி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். மரத்த கால் என்றால் காவடிக்குப் பதில் அர்ச்சனை, நடைக்குப் பதில் பஸ் என்று பூசாரி ஐயாவிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். கண் தெரிந்தும் காலோடும் வருகிற பக்தரைத் தெய்வம் கோபிக்காது.

ஒவ்வொரு இரவும் படுக்குமுன் காலடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம் எது இருந்தாலும் அடுத்த நாளே காட்ட வேண்டும். ஆணியை பிளேட்டால் வெட்ட வேண்டாம்.

கண்ணை வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே இரத்தக்குழாய் பழுதாகியிருக்கலாம். சிறுநீரகத்துக்கும் சோதனை உண்டு. பிரஷரைக் கட்டுப்படுத்தினால் சிறுநீரகமும் இதயமும் தப்பும். இன்னொன்று: சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நெருக்கமான லயத்து வாழ்க்கையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சும்மா விட வேண்டாம்.

கிளினிக்கைத் தவற விடுவது ஏன்?

காரணம் நமக்குத் தெரியும். கிளினிக் நாளில் போனால் அன்றைய பேர் போகும். பஸ் காசு, காத்திருப்பு, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமை என்று எல்லாம் சேரும். வாவியின் மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான் இருந்தது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைத் தாண்டித்தான் எழுவான்கரைக்கும் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் வர வேண்டும். 2014இல் மண்முனையில் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் 'பாதை' என்கிற மிதவைக்குக் காத்து நின்றார்கள். நமக்குக் குறுக்கே வாவி இல்லை, மலை இருக்கிறது.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். மாதம் ஒரு நாள் பேர் போவது ஒரு நட்டம். விரல் எடுத்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடப்பது எத்தனை பேர்? ஒரே லயத்தில் நாலு பேர் கிளினிக் போகிறவர்கள் இருந்தால் ஒரே நாளில் திகதி கேட்டுச் சேர்ந்து போங்கள், ஆட்டோக் காசு பங்காகும். பிள்ளைக் காம்பிராவில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிளினிக் நாளுக்கு ஏற்றபடி வேலையை மாற்றித் தரும்படி தலைவர்மார் நிர்வாகத்தோடு பேசுவது நியாயமான கோரிக்கை. நாங்களும் அதற்குத் துணை நிற்போம்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டார்கள், சிலர் பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கிப் போட்டார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். இல்லாத மருந்துக்குப் பதில் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், வாந்தி என்று படுத்தாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாமல் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

இந்த வருத்தம் வந்தவர் முப்பது நாற்பது வருடம் நன்றாக வாழலாம். அதற்குச் சாப்பாட்டில் அளவு, தினமும் அரை மணி நேர நடை, நேரத்துக்குக் குளிசை, இரவில் கால் பார்வை, தவறாத கிளினிக் ஆகிய ஐந்தும் வேண்டும். புகையிலை போட்ட வெற்றிலையையும் பீடி சிகரெட்டையும் விட்டுவிட்டால் ஆறாவது.

இந்த மாதம் வீட்டுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். 35 வயது தாண்டியவர்களில் இதுவரை இரத்தம் சோதிக்காதவர் யார் என்று எண்ணுங்கள். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். வாவிக்கரையில் உறவு இருந்தால் அவர்களுக்கும் ஒரு போன் எடுத்து, "சோதிச்சியா?" என்று கேளுங்கள்.